15 வயது வேகப்பந்து வீச்சாளர், இடப்பக்க முதுகுவலி, எக்ஸ்ரே நார்மல்: வீச விடலாமா?

மேட்டிங்விக்கெட்:
பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். பையன் வலக்கை வேகப்பந்து வீச்சாளர், வயது 15. மூன்று வாரமாகக் கீழ்முதுகில் இடப்பக்கம் வலி. பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, முதுகின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்டுகிறான். முன்கால் ஊன்றிப் பந்தை விடும்போது குத்துகிறது. உட்கார்ந்தால், படுத்தால் இல்லை. காலுக்கும் இறங்கவில்லை. ஒரு வாரம் ஓய்வில் போன வலி, நெட்டுக்கு வந்ததும் திரும்பிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புதான் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒற்றைக்காலில் நின்று பின்னால் வளையச் சொன்னேன், அதில் வலி இல்லை. அடுத்த வாரம் மாவட்ட அணித் தேர்வு. அனுப்பலாமா? சீசனுக்கு முன் எல்லாருக்கும் உடற்பரிசோதனை வைத்தால் இதை முன்கூட்டியே பிடிக்க முடியுமா?

எலும்புமூட்டு:
அனுப்பாதீர்கள் சார். பந்துவீச்சை இன்றே நிறுத்துங்கள். வலக்கைக்காரனுக்கு இடப்பக்கம், விரலால் காட்டக்கூடிய ஒரே புள்ளி, வீசும்போது மட்டும் வலி, ஓய்வில் போய் வீசியதும் திரும்புவது. இந்த வயதில் இவை சேர்ந்து வந்தால், இல்லை என்று நிரூபணமாகும்வரை ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் விரிசல்) என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முள்ளெலும்பின் பின்பக்கத்தில் மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் இணைக்கும் மெல்லிய எலும்புப் பகுதிக்கு பார்ஸ் என்று பெயர். முன்கால் தரையில் மோதும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலேறுகிறது. அதே நொடியில் இடுப்பு பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. மூன்றும் சேர்ந்து இடப்பக்க பார்ஸை நசுக்குகின்றன. இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு முள்ளெலும்புகளான எல்4, எல்5இல்தான் பெரும்பாலும் வரும்.

ஆரம்பத்தில் எலும்புக்குள் நீர்கோத்திருக்கும், விரிசல் கோடு விழுந்திருக்காது. அதனால் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுங்கள். சீட்டில் வெறுமனே 'முதுகு எம்.ஆர்.ஐ.' என்று எழுதினால் டிஸ்க்கைப் பார்ப்பதற்கான படங்களோடு முடித்துவிடுவார்கள். 'வேகப்பந்து வீச்சாளர், இடப்பக்க பார்ஸ் சந்தேகம், ஸ்டிர் படங்கள் தேவை, ஸ்லைஸ் இருபுறமும் பார்ஸைத் தாண்டிப் போக வேண்டும்' என்று டாக்டரை எழுதச் சொல்லுங்கள். ஸ்டிர் என்பது எலும்புக்குள் கோத்த நீரைக் காட்டும் எம்.ஆர்.ஐ. பட வகை. ஒற்றைக்கால் சோதனையில் வலிக்கவில்லை என்பதை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது.

மாத்திரை போட்டுக்கொண்டு வீசுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், எடை குறைவது, கால் மரத்துப்போவது, சிறுநீர் போவதில் சிக்கல் இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

களம்_ஃபிசியோ:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒருநாள் பரிசோதனை வைத்து யாருக்கு எலும்பில் விரிசல் வரும் என்று சொல்ல முடியாது. எல்லாச் சோதனையிலும் தேறிய பையனுக்கும் வரும், தேறாதவன் வருடக்கணக்கில் நன்றாக வீசுவான். ஆனாலும் வையுங்கள். இப்போதே வலியோடு இருப்பவனைக் கண்டுபிடிக்கலாம், காயத்துக்குப் பின் ஒப்பிட அவனுடைய பழைய அளவும் கையில் இருக்கும்.

முதலில் கேள்வி: 'போன மாதம் வீசும்போது முதுகு வலித்ததா, எந்தப் பக்கம்?' அணியில் இடம் போய்விடும் என்று மறைப்பார்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பிறகு உயரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருப்பில்லாமல், அதே சுவரில், அதே நேரத்தில் அளக்க வேண்டும். உட்கார்ந்த உயரத்தையும் எடுங்கள். வளர்ச்சி திடீரென்று வேகமெடுத்தால் அந்தக் காலாண்டில் ஓவரைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்து கணுக்கால்: குதிகால் தூக்காமல் முட்டி சுவரைத் தொட, பெருவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விட முடிகிறது என்று இரண்டு காலிலும் அளக்கலாம். இடுப்பு மூட்டு உட்பக்கம் திரும்பும் அளவு, தொடைப் பின்தசை இறுக்கம், இருபக்கமும் சைடு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையில் உடலைத் தாங்குவது) எத்தனை நொடி, ஒற்றைக்கால் ஸ்குவாட்டில் முட்டி உள்ளே சரிகிறதா, இவ்வளவு போதும். ஒருவருக்கு கால்மணி நேரம் ஆகும்.

லெங்த்பால்:
அளவுநாடாவைவிட நோட்டுப்புத்தகம் முக்கியம். பள்ளியில் வீசுகிறான், அகாடமியில் வீசுகிறான், ஞாயிற்றுக்கிழமை தெருவில் டென்னிஸ் பாலும் வீசுகிறான். மூன்றையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. பையனையே எழுத வையுங்கள்: தேதி, எங்கே, எத்தனை பந்து, வலி பத்துக்கு எத்தனை. நெட்டில் போடும் பந்தும் பந்துதான். சிமென்ட் தரையில் வீசிய நாளைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வரம்பு 14, 15 வயதுப் பிரிவுகளுக்கு ஒரு ஸ்பெல்லில் (இடைவெளி விடாமல் வீசும் சுற்றில்) 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர். ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வீசக்கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. லீவு முடிந்ததும் ஒரே வாரத்தில் பந்து எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதுதான் ஆபத்து.

போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்கள். பின்கால் ஊன்றும்போது நெஞ்சு பேட்ஸ்மேனைப் பார்த்து நின்று, முன்கால் ஊன்றுவதற்குள் தோள் பக்கவாட்டுக்குத் திரும்பிப் போனால் அது மிக்ஸட் ஆக்‌ஷன். முதுகை உடைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. திருத்துங்கள், ஆனால் சீசன் நடுவிலோ வலியோடோ வேண்டாம். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011இல் 18 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். முதுகு பலமுறை படுத்தியதில் அடுத்த டெஸ்ட் 2017இல் ராஞ்சியில்தான். பெற்றோர் அவசரப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

மேட்டிங்விக்கெட்:
நன்றி. எம்.ஆர்.ஐ.க்கு எழுதி வாங்குகிறோம். அதுவரை பேட்டிங் மட்டும் ஆடலாமா?

எலும்புமூட்டு:
ரிப்போர்ட் வரும்வரை அதுவும் வேண்டாம். புல், ஹூக் எல்லாம் இடுப்பைத் திருப்பும் ஷாட்கள், ஓடி எடுக்கும் ரன்னும் அதிர்வுதான். வலியில்லாமல் நடக்கலாம். உறுதியானால் பந்துவீச்சுக்குத் திரும்பப் பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். வலி சில வாரத்தில் போய்விடும், எலும்பு ஆறியிருக்காது. பலர் இரண்டாவது முறை உடைத்துக்கொள்வது அந்த இடைவெளியில்தான். டாக்டர் அனுமதித்த பிறகும் நின்ற இடத்திலிருந்து, பிறகு நடந்து வந்து, பிறகு பாதி ரன்அப் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றுங்கள். இப்போதே விட்டமின் டி ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறானா என்று வீட்டில் கேளுங்கள், காலையில் சாப்பிடாமல் நெட்டுக்கு வரும் பையன்கள் நிறையப் பேர்.