ஆர்22: ஊசி மஞ்சளைத் தாண்டி நின்றாலும் கார்ப் ஹீட் வேண்டுமா?

தட்டான்:
ராபின்சன் ஆர்22 பீட்டா 2 ஹெலிகாப்டரில் கார்ப் ஹீட் (ஐஸ் பிடிக்காம இருக்க கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடுறது) பத்தி ஒரு சந்தேகம். வெளியே 16 டிகிரி, பனிநிலை (காற்றின் ஈரம் நீராப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 12, லேசான தூறல். இறங்கும்போது மேனிஃபோல்டு பிரஷர் (எஞ்சினுக்குள் போற காற்றின் அழுத்தம்) 15 அங்குலம். கார்ப் வெப்பமானி ஊசி மஞ்சள் பட்டைக்கு (ஐஸ் பிடிக்கும் அபாய வரம்பு) மேலேதான் நிற்குது. அப்பவும் ஹீட்டை முழுசா இழுக்கணும்னு சொல்றாங்க, ஏன்? ஐஸ் பிடிச்சா ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) இறங்கிக் காட்டிடாதா? 16 டிகிரியில் ஐஸ் எப்படி வரும்?

பட்டறைக்காரர்:
கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கறேன். வென்சுரியில் (கார்புரேட்டரின் குறுகிய கழுத்து) அழுத்தம் குறையும்போது காற்று குளிரும். பெட்ரோல் ஆவியாகிறப்போ இன்னும் குளிரும். ரெண்டும் சேர்ந்தா 30 டிகிரிகூட இறங்கிடும். பனிநிலை இவ்வளவு நெருக்கமா இருந்தா, அந்த ஈரம் த்ராட்டில் தகட்டு (எஞ்சினுக்குப் போற காற்றின் அளவைக் கட்டுப்படுத்துறது) விளிம்பில் உறையும். கலெக்டிவை (ரோட்டார் இறகுகளின் கோணத்தை மாத்துற நெம்புகோல்) இறக்கினா தகடு மூடிக்கிட்டே வரும், இடைவெளி சுருங்கும். அதனால கொஞ்சம் ஐஸே அடைக்கப் போதும்.

18 அங்குலத்துக்குக் கீழே அந்த மானி சரியான வெப்பத்தைக் காட்டாது. கையேடு தெளிவா சொல்லுது: 18-க்கு மேலே, ஊசி மஞ்சளுக்கு (-15 முதல் +5 வரை) வெளியே நிற்கும் அளவுக்கு ஹீட், 18-க்குக் கீழே, ஊசி எங்கே இருந்தாலும் முழு ஹீட்.

சுழலி:
ஆர்பிஎம் காட்டிக்கொடுக்கும்னு நம்பாதீங்க. கவர்னர் (ஆர்பிஎம்மைத் தானே நிலையா வைக்கிற கருவி) ஓடும்போது ஐஸ் அடைக்க அடைக்க அது த்ராட்டிலைத் திறந்து ஈடுகட்டும். ஆர்பிஎம் மாறாது, பிரஷரும் மாறாது. ராபின்சனின் பாதுகாப்பு அறிவிப்பு 31 இதைப் பத்தித்தான். இதில் இருக்கிற ஓ-360 எஞ்சின் அடிப்படையில் 180 குதிரைத்திறன். ஆர்22-ல் டேக் ஆஃபுக்கே 131 வரைதான் அனுமதி. மிச்சமிருக்கிற த்ராட்டில் முழுக்க ஐஸை மறைக்கத்தான் செலவாகும். அது தீர்ந்த பிறகுதான் ஆர்பிஎம் சரியும், அதுவும் மளமளன்னு.

அப்போ ஹீட்டை இழுத்தா பலன் குறைவு. சூடு வர்றது எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து. எஞ்சின் நின்னா அதுவும் ஆறிடும். ஆர்22 ரோட்டாரில் நிலைமம் ரொம்பக் கம்மி. சக்தி போன உடனே கலெக்டிவை இறக்கலைன்னா ரோட்டாரை மீட்க முடியாது.

தட்டான்:
நன்றி. ஹீட் போட்டதும் எஞ்சின் திணறினா திரும்ப அணைக்கலாமா?

பட்டறைக்காரர்:
கூடவே கூடாது. உருகின தண்ணி உள்ளே போறதாலதான் திணறல். தண்ணி போய் முடிஞ்சதும் சீராயிடும், அதுவரை முழு ஹீட்டிலேயே விடுங்க.

இன்னொண்ணு. விமானம் த்ராட்டிலை முழுசா திறந்து கிளம்பும். ஹெலிகாப்டர் தேவையான அளவுக்குத்தான் திறக்கும். எஞ்சின் குளிர்ந்திருந்தா டேக் ஆஃபிலேயே ஐஸ் பிடிக்கலாம். அதனால வார்ம் அப் முழுக்க ஹீட் போட்டு வைங்க. சூடான காற்றும் ஃபில்டர் வழியாத்தான் வருது, தூசி போயிடுமோன்னு பயப்பட வேண்டாம். கலெக்டிவை இறக்கினா ஹீட்டைத் தானே கூட்டுற அமைப்பு இருக்கு. ஹீட் குமிழ் கீழே பூட்டியிருந்தா அது வேலை செய்யாது, ஈரமான நாளில் பூட்டை எடுத்துட்டீங்களான்னு பாருங்க.