ஜெர்மன் தொழிற்பயிற்சி: பாடத்திட்டத்தை மட்டும் கொண்டுவந்தால் போதுமா?

வினவு_42:
வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாள் கம்பெனி. ஜெர்மனியில் கல்லூரிப் பக்கமே போகாதவர்கள் இப்படிப் படித்துவிட்டு நல்ல சம்பளத்தில் சேர்கிறார்கள். இங்கேயும் 1961-லிருந்து அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது, ஐடிஐ இருக்கிறது. ஆனாலும் அப்ரண்டிஸ் என்றால் மலிவுக்குக் கிடைக்கும் ஆள் என்றுதானே பல இடங்களில் பார்க்கிறார்கள்? சிலபஸில்தான் கோளாறா?

மைக்ரோமீட்டர்:
சிலபஸைத் திருத்தினால் கொஞ்சம் பலன் இருக்கும், அவ்வளவுதான். ஜெர்மனியில் பயிற்சியைத் தாங்குவது வேறு ஏற்பாடு. பயிற்சி ஒப்பந்தத்தை வட்டாரத் தொழில் வர்த்தக சபை பதிவு செய்யும். அந்தச் சபையில் கம்பெனிகள் சட்டப்படி உறுப்பினராகியே தீரவேண்டும். சோதனைக் காலம் அதிகபட்சம் நான்கு மாதம். அதற்குப் பிறகு வலுவான காரணம் இல்லாமல் நிர்வாகம் பயிற்சியாளரை வெளியே அனுப்ப முடியாது.

தேர்வும் கம்பெனி கையில் இல்லை. தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள், கூடவே தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவராவது இருக்கவேண்டும். ஆலை மெக்கானிக் படிப்பு மூன்றரை வருடம்; மொத்த மதிப்பெண்ணில் இடையில் வரும் தேர்வுக்கு 40 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 60. அன்றாடம் கற்ற வேலையைப் பதிவேட்டில் எழுதி வரவேண்டும். பயிற்றுநர் கையெழுத்திட்ட அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் இறுதித் தேர்வுக்கே அனுமதி இல்லை. ஆறு மாதம் பேக்கிங்கில் நிறுத்திவைத்தால் பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.

கூலிக்கணக்கு:
இதில் சம்பளக் கணக்கையும் சேர்க்கவேண்டும். செலவு செய்து பழக்கிய ஆளைப் பக்கத்துக் கம்பெனி கொத்திக்கொண்டு போனால் யார் பழக்குவார்கள்? ஜெர்மனியில் உலோகத் தொழில் போன்ற துறைகளில் யூனியனும் முதலாளிகள் சங்கமும் வட்டார அளவில் சம்பள ஒப்பந்தம் போடுகின்றன. ஒப்பந்தத்துக்குள் வரும் கம்பெனிகளில் ஒரே வேலைக்கு ஏறக்குறைய ஒரே சம்பளம். ஆள் இழுப்பது அவ்வளவு சுலபமில்லை.

நம் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி அல்ல. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்கவேண்டும். 2019 விதிகளில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச ஸ்டைபண்டு (உதவித்தொகை) மாதம் 7,000 ரூபாய். முடிந்ததும் வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த பேட்ச் போனால் அடுத்த பேட்ச் என்றுதான் நிர்வாகம் கணக்குப் போடும்.

எதிர்க்கட்சி:
ஜெர்மனியை ரொம்பவும் தூக்கிப்பிடிக்க வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு, பத்து வயதிலேயே, யார் எந்த வகைப் பள்ளி என்று பிரித்துவிடுகிறார்கள். அப்பா அம்மா படிப்பும் வருமானமும் அந்த இடத்தில் புகுந்துகொள்கிறது. 2000-ல் நடந்த பீசா தேர்வு (பல நாட்டு 15 வயது மாணவர்களின் திறனை ஒப்பிடும் தேர்வு) இதை அங்கே பெரிய விவாதமாக்கியது. பயிற்சி தருவதும் ஐந்தில் ஒரு கம்பெனி அளவுக்குத்தான். பயிற்சி ஊதியத்துக்குப் பொதுவான சட்டக் கீழ்வரம்பே 2020-ல்தான் வந்தது: முதல் வருடம் மாதம் 515 யூரோ.

வினவு_42:
சரி, அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை என்ன செய்யமுடியும்? அங்கே லேத் இருந்தால் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) இருக்காது.

மைக்ரோமீட்டர்:
ஜெர்மனியிலும் சிறு பட்டறைக்கு இதே சிக்கல்தான். அதற்காகப் பல கம்பெனிகளுக்குப் பொதுவான பயிற்சிக்கூடங்கள் வைத்திருக்கிறார்கள். பட்டறையில் இல்லாத மெஷினை அங்கே போய்ச் சில வாரம் பழகுவார்கள். இங்கே தொழிற்பேட்டைக்கு, அதாவது எஸ்டேட்டுக்கு, ஒரு கூடம் வைக்கலாம். கட்டடமும் மெஷினும் மானியத்தில் வந்துவிடும். டூலுக்கும் கரண்டுக்கும் பயிற்றுநர் சம்பளத்துக்கும் மாதாமாதம் யார் கொடுப்பது என்பதை முதலில் எழுதிக்கொள்ளவேண்டும். எஸ்டேட் சங்கச் சந்தாவோடு சேர்த்து எல்லாரிடமும் வசூலிக்கவேண்டும். விருப்பப்பட்டவர் கொடுக்கலாம் என்று விட்டால், கொடுக்காதவரும் பழகிய ஆளை எடுத்துக்கொள்வார். கொடுத்தவர் அடுத்த வருடம் நிறுத்திவிடுவார்.