கணுக்கால் ஆர்த்ராஸ்கோபிக்குப் பிறகு துடிக்கும் வீக்கம்: யாருக்காவது அனுபவம் உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்குக் கணுக்காலில் ஆர்த்ராஸ்கோபி (சின்னத் துளைகள் வழியே கேமராவும் கருவியும் விட்டு மூட்டுக்குள் செய்யும் ஆபரேஷன்) செய்து இன்றோடு 16 நாள். பத்தாம் நாள் முன்பக்கத் தையலுக்குப் பக்கத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு வீக்கம். ஆபரேஷன் வீக்கம்தானே என்று ஐஸ் வைத்துக்கொண்டிருந்தோம். அப்புறம் கட்டு மாற்றும்போது விரல் பட்டது. நாடி பார்ப்பது போலத் துடித்தது. அன்று இரவு தையல் வழியே ரத்தமும் கசிந்தது.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சூடோ அனியூரிசம் என்று தெரிந்தது. கணுக்காலின் முன்புறம் இறங்கும் தமனியின் சுவரில் சின்னக் காயம். அதிலிருந்து கசியும் ரத்தம் வெளியே பை போலத் தேங்கி நிற்கிறதாம். கருவி நுழைக்கும் துளைகள் அந்தத் தமனிக்கு அருகில்தான் இருக்கின்றன. அரிதாக நடப்பது என்கிறார்கள். நமக்கு நடந்துவிட்டதே.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே த்ராம்பின் ஊசி போட்டு உறைய வைக்கலாம், இல்லையென்றால் திறந்து தமனியைச் சரிசெய்யலாம் என்கிறார் ரத்தநாள மருத்துவர். இரண்டில் ஒன்றைச் செய்துகொண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். ஊசிக்குப் பிறகு வீக்கம் திரும்பியதா? காலை ஊன்ற எத்தனை நாள் ஆனது? பாதம் மரத்துப்போயிருந்தால் அது சரியாகிவிட்டதா? நாளை மறுநாள் முடிவு சொல்ல வேண்டும்.