பெக் டியூப்ல ஃபீட் இறங்கல, ஓரத்துல கசியுது – அவசரம்

கேட்டவர்: அப்பாவுக்கு வயித்துல ஓட்டை போட்டு, நேரா இரைப்பைக்குள்ள சாப்பாடு விடுற டியூப் (பெக்) வச்சிருக்கு. நேத்து ராத்திரியிலிருந்து கஞ்சி இறங்கவே மாட்டேங்குது. சிரிஞ்ச்ல அழுத்தினா ஓட்டை ஓரமா வெளிய வருது. என்ன பண்றது? சீக்கிரம் சொல்லுங்க.

சேலத்துக்காரர்: போட்டு எத்தனை மாசம் ஆச்சு? டியூப் கழண்டு வராம இரைப்பைக்குள்ள பிடிச்சிருக்கிறது பலூனா, வட்டா? காய்ச்சல் இருக்கா?

பேரன்: மாத்திரைப் பொடி அடைச்சிருக்கும். எங்க பாட்டிக்கும் இப்படித்தான் ஆச்சு. கோலா கொஞ்சம் ஊத்தி அரை மணி நேரம் விடுங்க, கரைஞ்சிடும்.

பழைய உறுப்பினர்: இதை எத்தனை முறை எழுதுவது? கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கப் பழகுங்கள். கோலா அமிலம். பாலில் எலுமிச்சை பிழிந்தது போல ஃபீடில் உள்ள புரதம் திரிந்து அடைப்பு இன்னும் இறுகும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

பேரன்: எங்களுக்கு சரியாச்சுங்க. பார்த்ததைத்தான் சொல்றேன்.

பழைய உறுப்பினர்: ஒருவருக்குச் சரியானால் எல்லோருக்கும் மருந்தாகிவிடுமா?

ஸ்கோப் ரூம் நர்ஸ்: கோலா பேச்சை விடுங்க ரெண்டு பேரும். டியூப் மட்டும் அடைச்சிருந்தா கஞ்சி ஓரத்துல வராது. தம்பி, பலம் கொடுக்காம பாருங்க: டியூப் சுத்துதா? ரெண்டு செ.மீ. உள்ள போகுதா?

கேட்டவர்: சுத்தல, உள்ளயும் போகல. போட்டு 8 மாசம். வட்டுதான். கசியுதேன்னு, தோல் மேல டியூப்பைப் பிடிச்சிருக்கிற வெளி வளையத்தை நான்தான் இறுக்கி வச்சேன். காய்ச்சல் இல்ல.

ஸ்கோப் ரூம் நர்ஸ்: அப்ப ஃபீட், தண்ணி, மருந்து எதையும் அதுல விடாதீங்க. வளையம் இறுக இறுக, உள்ள இருக்கிற வட்டு இரைப்பைச் சுவருக்குள்ள புதைஞ்சு, மேல சதை மூடிக்கும். பரீட் பம்பர்னு சொல்வாங்க. இழுக்காதீங்க, வெட்டாதீங்க. இன்னைக்கே எண்டோஸ்கோப்பி இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. லேசா புதைஞ்சிருந்தா உள்பக்கமா தள்ளி எடுப்பாங்க. முழுசா மூடியிருந்தா ஸ்கோப் வழியாவே அந்தச் சதையைக் கீறி வட்டை விடுவிப்பாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை கொடுக்கிறீங்கன்னா போனதும் அதை முதல்ல சொல்லுங்க. இன்சுலின் போடுறவர்னா, ஃபீட் இல்லாதப்ப சர்க்கரை இறங்கிடும், அதையும் கேளுங்க.

பழைய உறுப்பினர்: வளையத்துக்கும் தோலுக்கும் நடுவே 1 செ.மீ. இடைவெளி வேண்டும் என்பது அடிப்படை. டிஸ்சார்ஜ் தாளைப் படிப்பதே இல்லை.

ஸ்கோப் ரூம் நர்ஸ்: எத்தனை தாள்ல அது எழுதியிருக்கு சார்? கசிஞ்சா இறுக்கத்தான் யாருக்கும் தோணும். அந்தப் பிள்ளையைக் குத்தாதீங்க.

சேலத்துக்காரர்: எங்க அம்மாவுக்கு டியூப் முழுசா கழண்டே வந்துடுச்சு. சில மணி நேரத்துல ஓட்டை சுருங்கிடும்னு ஓடினோம்.

ஸ்கோப் ரூம் நர்ஸ்: ஓடினது சரிதான். போட்டு ஒரு மாசம்கூட ஆகாம கழண்டா வீட்ல திரும்பச் சொருகவே கூடாது. வழி இன்னும் உறுதியாகியிருக்காது, டியூப் இரைப்பைக்கு வெளிய போயிடும்.

பேரன்: கேட்டவர் என்ன ஆனார்? யாருக்காவது தெரியுமா?

கேட்டவர் (மூணு நாள் கழிச்சு): புதைஞ்சுதான் இருந்துச்சு. ஸ்கோப்ல கீறி எடுத்து அதே ஓட்டையில புதுசு போட்டுட்டாங்க. வளையத்தைத் தளர்வா விட்டு, வாரம் ஒரு தடவை உள்ள தள்ளிச் சுத்திவிடச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்பாவுக்கு ஃபீட் இறங்குது. நன்றி அக்கா.