லூபஸ் இருந்தால் கூல்ஸ்கல்ப்டிங் செய்துகொள்ளலாமா?

கேள்வி:
லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) கட்டுக்குள் இருக்கிறது, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும்தான் மருந்து. குளிரில் விரல் நுனி வெளுத்து நீலமாகும். வயிற்றுக் கொழுப்பை உறைய வைத்துக் குறைக்கும் இந்தச் சிகிச்சை சரிப்படுமா? முதலில் என்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

பதில் 1:
லூபஸ் என்ற பெயரைவிட, குளிர் பட்டால் உங்கள் ரத்தம் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். கருவியின் கப் சதையை உறிஞ்சிப் பிடித்து, சுமார் மைனஸ் 11 டிகிரியில் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கும். கிரையோகுளோபுலினீமியா இருந்தால் ரத்தப் புரதம் குளிரில் திரண்டு சிறு குழாய்களை அடைக்கும். கோல்ட் அக்ளூட்டினின் நோயில் சிவப்பணுக்கள் ஒட்டிக்கொண்டு உடையும். இந்த இரண்டில் எது இருந்தாலும் கண்டிப்பாக வேண்டாம். லூபஸ், ஷோகிரன் (கண், வாய் வறண்டுபோகும் இதே வகை நோய்) உள்ளவர்களுக்கு இவை வர வாய்ப்பு உண்டு. நீங்கள் சொல்லும் விரல் மாற்றம் ரேனாட் (குளிரில் விரல் ரத்தக் குழாய்கள் சுருங்குவது) போலிருக்கிறது. அது முழுத் தடை இல்லை, ஆனாலும் வாத நோய் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

பதில் 2:
குளிரில் திரளும் அந்தப் புரதத்தைத் தேடும் கிரையோகுளோபுலின் பரிசோதனையில் பெரும்பாலும் கோட்டை விடுவது லேபில்தான். ரத்தம் எடுத்ததிலிருந்து சீரம் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீர்) பிரிக்கும்வரை 37 டிகிரியிலேயே இருக்க வேண்டும். வழியில் ஆறிவிட்டால் புரதம் உறைகட்டியோடு போய்விடும், நோய் இருந்தும் 'இல்லை' என்று வரும். வீட்டுக்கு வந்து எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள், லேபுக்கே போங்கள்.

பதில் 3:
இன்னொன்று. தோலுக்கடியில் வலிக்கும் கட்டி, குழி விழுந்த தழும்பு இருந்தால் லூபஸ் பானிகுலைட்டிஸாக இருக்கலாம். அது கொழுப்பிலேயே வரும் அழற்சி, அங்கே கருவியை வைக்கவே கூடாது. யாருக்கு வேண்டுமானாலும், அரிதாக, உறைய வைத்த இடத்தில் கொழுப்பு குறையாமல் சில மாதங்களில் கெட்டியாக வளரலாம். மாடல் லிண்டா எவாஞ்சலிஸ்டா 2021இல் வெளியே சொன்னது இதைத்தான். அது தானாகக் கரையாது, பெரும்பாலும் லைப்போசக்ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை) தேவைப்படும்.