மூன்று மருந்து போட்டும் பிரஷர் குறையவில்லை, மாத்திரை போடுகிறாரா என்று சிறுநீர் டெஸ்ட்?

கேள்வி: அப்பாவுக்கு நீர் மாத்திரையோடு சேர்த்து மூன்று மருந்து, எல்லாம் முழு டோஸ், ஆனாலும் 160/100. இப்போது மருந்து உடம்பில் இருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்க வேண்டுமாம். டாக்டர் தன்னை நம்பவில்லையே என்று அப்பா வருந்துகிறார்.

பதில் 1: இது சந்தேகம் இல்லைங்க. மாத்திரை விட்டுப்போவது மிகச் சாதாரணம், அது தெரியாமல் நான்காவது மருந்தைச் சேர்த்துவிட்டு, அப்புறம் ஒருநாள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி மயக்கமே வரலாம்.

பதில் 2: அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையால் வரும் கால் வீக்கத்துக்குப் பயந்து என் அம்மா அதை நிறுத்திவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. திட்டாமல், "வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது?" என்று கேளுங்கள். மூன்றும் ஒரே மாத்திரையாகக் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

பதில் 3: அந்த டெஸ்ட் சமீபத்தில் போட்டதை மட்டுமே காட்டும். வலி மாத்திரை எடுக்கிறாரா? அதுவும் பிரஷரை ஏற்றும்.