கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு எந்தெந்தக் கல்லூரி?

வளைகுடாவுக்குப் புதிதாகக் குடிபோய், பிள்ளையைக் கல்லூரிக்கு மட்டும் பெங்களூருக்கு அனுப்ப நினைக்கிற அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன். போன வருஷம் துபாயிலிருந்து என் தம்பி மகள் வந்து, அல்சூரில் எங்கள் வீட்டில் தங்கித்தான் தேர்வுகள் எழுதினாள்.

அவள் கொண்டுவந்த பட்டியலில் 9 பெயர்கள். ஒன்பதும் ஜேஇஇ என்கிற பொறியியல் நுழைவுத் தேர்வைப் பார்த்துச் சீட் தருகிற இடங்கள். எல்லாமே ஒரே கயிற்றில் தொங்கின. அதிலும் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் சயின்ஸ். பெண்ணுக்கு உயிரோ கணிதம்.

உட்கார்ந்து மாற்றினோம். ஜேஇஇயின் இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டு மதிப்பெண்ணுக்கு, பெங்களூர் ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) நடத்தும் கணிதமும் கணினியியலும் சேர்ந்த பி.டெக். ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களுக்கு அவர்களுடைய தனித் தேர்வு. அப்புறம் முக்கியமான இரண்டு: பெங்களூர் மைசூர் ரோட்டில் இருக்கும் ஐஎஸ்ஐயின் (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) கணிதப் பட்டப்படிப்பான பி.மேத், சென்னை சிறுசேரியில் இருக்கும் சிஎம்ஐ (சென்னை கணிதவியல் நிறுவனம்). ஐஎஸ்ஐயில் கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. இவ்வளவு நல்ல இடங்களை நம் ஆட்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆனால் இந்த இரண்டு தேர்வுகளுக்கும் கோச்சிங் வேகம் மட்டும் போதாது. ஐஎஸ்ஐயில் ஒரு தாள் முழுக்க விரிவாக எழுத வேண்டியது: 8 கேள்வி, 2 மணி நேரம். பழக்கத்துக்கு ஒரு கணக்கு கொடுத்தேன்: ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணின் நான்காம் படியோடும் 4-ஐக் கூட்டினால் பகா எண் வராது என்று நிரூபி. 2, 3, 4, 5-க்கு 20, 85, 260, 629 என்று போட்டுப் பார்த்துவிட்டு, “சரிதான் அத்தை” என்றாள். அது சரிபார்ப்புதானே, நிரூபணம் ஆகாதே! அதை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிப் பிரிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரம் அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்த பிறகுதான் பட்டியல் எனக்கே தெளிவானது.

கடைசியாக, இந்தப் பெரிய தேர்வுகள் எதையும் நம்பாத ஒரு இடம் கட்டாயம் வேண்டும். பெங்களூரில் செயின்ட் ஜோசப்ஸ், கிறைஸ்ட் இரண்டிலும் கணிதப் பட்டப்படிப்பு இருக்கிறது. பிள்ளை மனசார மூன்று வருஷம் உட்காரக்கூடிய இடமாகப் பார்த்துப் போடுங்கள்.

ஐஎஸ்ஐ, சிஎம்ஐ தேர்வுகள் மே மாத வாக்கில் வரும். வளைகுடாவில் பள்ளி விடுமுறை ஜூலையில்தான், சின்னவனை விட்டுவிட்டு நீங்கள் கிளம்ப முடியாது. இங்கே பிள்ளையைத் தேர்வுக்குக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள் என்று இப்போதே பேசி வையுங்கள்.